கண்ணுக்குள் பூசாத மஞ்சள்

அம்மா,

இன்று சாயங்காலம் நம் அடுப்படியில் மறுபடியும் அந்த டப்பாவைத் திறந்தார்கள். மஞ்சளும் மிளகும் சேர்ந்து, அதன்மேல் மருந்துக்கடை வாடையும் கொஞ்சம் ஏறிய அதே வாசனை. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி அடுப்பில் கொட்டி நெருப்பு பாதி அணைந்த பிறகுதான் எனக்கு நினைவே வந்தது. திறந்தது வேறு யாருமில்லை, உன் அருமைத் தம்பிதான்.

அப்பா போன வாரம் பூண்டு மூட்டையோடு மேல்காட்டுப் படியில் சறுக்கி விழுந்தார். வலது முட்டி வீங்கிப்போய் நொண்டி நடக்கிறார். சேதி எப்படியோ உன் பிறந்த ஊர் அய்யம்பாளையத்துக்குப் போய்விட்டது. உடனே மாமா பஸ் ஏறி வந்துவிட்டார், ஒரு கையில் மலைவாழைச் சீப்பு, இன்னொரு கையில் அந்த டப்பா. நீ தின்றாயே, அதே மஞ்சள் கேப்சூல். மூடியின் நிறம் மட்டும் வேறு.

"இது மருந்தே இல்ல மச்சான், மஞ்சதான். நானும் தினம் போடுறேன், எனக்கு என்ன ஆயிப்போச்சு" என்றார் அப்பாவிடம். பெரியவர்கள் பேச்சில் குறுக்கே பேசினால் உனக்கே பிடிக்காது. ஆனாலும் பேசிவிட்டேன். அம்மாவும் இதைத்தானே மாமா போட்டுச்சு என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. உனக்கு வந்தது காமாலை, அது தண்ணீரால் வந்தது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாமிக்கு வைக்கிற பொருளு புள்ள அது. அதுமேல பழி போடாத" என்றார்.

அப்பா சாப்பிட்டு முடித்ததும் என் முகத்தைப் பார்க்காமலே ஒரு கேப்சூலை எடுத்து வாயில் போட்டு வெந்நீர் குடித்தார்.

இப்போது இரண்டு பேரும் முன்னறையில் தூங்குகிறார்கள். மாமாவின் குறட்டை இங்கே வரை கேட்கிறது. நான் அடுப்பின் சூட்டுக்குப் பக்கத்தில் உன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். டப்பா என் மடியில் இருக்கிறது. அவர்கள் கண் அயர்ந்ததும் அலமாரியிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். காலையில் தேடுவார்கள், என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. பயத்தை விடக் கோபம் அதிகமாக இருக்கிறது, அதில் பாதி உன்மேல்தான். நீ ஒருநாளாவது யார் பேச்சையாவது கேட்டிருந்தால் நான் இப்படி நடுச்சாமத்தில் திருடியைப் போல உட்கார்ந்திருக்க மாட்டேன்.

உன் மஞ்சளோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? நம் மலையூர் கூக்காலில் பொம்பளைகள் குளிரில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு காட்டுக்கு ஓடுவார்கள். நீ ஒருத்திதான் வெந்நீர் வைத்து, கல்லில் கிழங்கு மஞ்சளை உரசி, முகத்திலும் கழுத்திலும் பாதத்திலும் பூசிக் குளித்துவிட்டு வருவாய். எந்தப் பனிமூட்டத்துக்குள் நின்றாலும் நீ யாரென்று தெரியும். கீழ்நாட்டுக்காரி வர்றா, வெளக்கு வேண்டாம் என்று பக்கத்துக் காட்டு அத்தை சிரிப்பாள். உன் அப்பா வீட்டு வயலில் தென்னைக்கு நடுவே விளைந்த மஞ்சள் என்பதில் உனக்கு அவ்வளவு பெருமை. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு பை நிறையக் கிழங்கு வரும்.

அந்தக் கை படாத துணி நம் வீட்டில் உண்டா? என் வெள்ளைப் பள்ளிச்சட்டையின் காலரில் மஞ்சள். ரிப்பனில் மஞ்சள். துவைக்கிறேன் என்று சோப்பைத் தேய்த்தால் அது சிவப்பாகிவிடும். ஒருநாள் வகுப்பில் ரத்தமா என்று கேட்டாள் பக்கத்தில் இருந்தவள். வீட்டுக்கு வந்து நான் கத்தியதற்கு நீ அலட்டிக்கொள்ளவே இல்லை. "சோப்பு போடாத. வெயில்ல போடு, தானா வெளுத்துரும்" என்றாய். இந்த ஊரில் எங்கே அம்மா வெயில்? மூட்டம் இறங்கினால் வாரக்கணக்கில் சூரியன் கிடையாது. என் சட்டை அத்தனை நாளும் கொடியில் அதே மஞ்சளோடு தொங்கும்.

பிறகு உன் முட்டி. பூண்டுக்காட்டில் குத்துக்காலிட்டுக் களையெடுத்தே உன் இரண்டு முட்டியும் போனது. காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாய். மஞ்சளும் உப்பும் சுண்ணாம்பும் சுட வைத்துப் பற்று போட்டாய், என் தலையணை உறை வரைக்கும் கறை வந்ததே தவிர வீக்கம் குறையவில்லை. டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அறுவடை முடியட்டும் என்றாய். முடிந்தது, அடுத்த நடவு முடியட்டும் என்றாய்.

அப்போதுதான் உன் தம்பி பஸ்ஸில் டப்பாவைக் கொடுத்துவிட்டார். அப்பாதான் போய் வாங்கி வந்தார். நீ அதோடு இருந்த தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கிற எனக்கே பாடம் எடுத்தாய். மஞ்சளில் குர்குமின் என்று ஒன்று இருக்கிறதாம், வீக்கத்தை அடக்குவது அதுதானாம். "ஏ புள்ள, கொழம்புல போடுற மஞ்ச ஒடம்புல ஒட்டவே ஒட்டாதாம். மிளகுச் சாறு சேந்தாத்தான் ரத்தத்துல ஏறுமாம். இதுல ரெண்டும் இருக்கு."

நீ சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். அது ஏமாற்று மாத்திரையாக இருந்திருந்தால் நீயே தூக்கி எறிந்திருப்பாய். ஆனால் அது வேலை செய்தது. மெல்ல மெல்ல முட்டி வற்றியது. நீ சுவரைப் பிடிக்காமல் எழுந்தாய். மேல்காட்டுப் படியில் எங்கும் நிற்காமல் ஏறிப் போய், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டுக் கையை ஆட்டினாய். பக்கத்துக் காட்டு அத்தை உன் முட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இயற்கைப் பொருள்தானே என்று நீயாகவே ஒன்றை இரண்டாக்கினாய். ஏன் என்று கேட்டதற்கு, "முட்டி ரெண்டு இருக்குல்ல" என்றாய். அப்பா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அதற்காகவும் உன்மேல் கோபம்தான்.

அதற்கப்புறம் வந்தவை ஒவ்வொன்றுக்கும் நீ ஒரு பதில் வைத்திருந்தாய். சோறு இறங்கவில்லை என்றால் வாயு. பூண்டு வாசனைக்கே குமட்டுகிறது என்றால், காலமெல்லாம் பூண்டிலேயே கிடந்தால் யாருக்கும் குமட்டும். உடம்பெல்லாம் அரித்தால் குளிரில் தோல் காய்ந்துவிட்டது. ஒருநாள் கொல்லையிலிருந்து வந்து, ஒன்னுக்கு டீ மாதிரிப் போகிறது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாய். நான் பயந்தேன். நீ பயப்படவில்லை. "தின்ன மஞ்ச வெளிய போகுது. உள்ளயெல்லாம் சுத்தமாகுது" என்றாய். அவ்வளவு திருப்தியாகச் சொன்னாய். அன்றைக்கு ராத்திரியும் இரண்டு போட்டாய்.

உன் முகம்? உன் முகத்தைப் பார்த்து யார் என்ன கண்டுபிடித்திருக்க முடியும்? வேறு எந்த வீட்டில் ஒரு பொம்பளை முகம் மஞ்சளானாலும் அன்றைக்கே கேட்டிருப்பார்கள். நீ மஞ்சளாக இல்லாவிட்டால்தான் நாங்கள் கேட்டிருப்போம். கையும் மஞ்சள், பாதமும் மஞ்சள், தாலிக்கயிறும் மஞ்சள். வெளியே மூட்டம், உள்ளே குண்டு பல்பு. அதற்குள் உன் தோலின் மஞ்சள் எது, கிழங்கின் மஞ்சள் எது என்று யாருக்குத் தெரியும்?

தெரிந்தது பூண்டு வாங்கும் பாய்க்குத்தான். அன்றைக்கு நீயும் வருகிறேன் என்று மூட்டைகளோடு ஜீப்பில் ஏறிக்கொண்டாய். கொடைக்கானல் பஜாரில் வாரக்கணக்கில் காணாத வெயில். நீ கடை வாசலில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாய், நிற்க முடியவில்லை. நம் பூண்டை அத்தனை வருஷமாக வாங்குகிற மனிதர், ஒருநாளும் உன் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை. தராசைப் பார்த்தோ அப்பாவைப் பார்த்தோதான் பேசுவார். அன்றைக்குத் தராசை விட்டுவிட்டு உன்னையே பார்த்தார்.

"என்னம்மா, இப்படி மஞ்சளா இருக்கீங்க?"

"மஞ்ச பூசுனா மஞ்சளாத்தான இருக்கும் பாய்" என்று நீ சிரித்தாய்.

அவர் சிரிக்கவில்லை. "கண்ணுக்குள்ளயுமாம்மா பூசுவாங்க?"

அப்போதுதான் நானும் அப்பாவும் குனிந்து உன் கண்ணைப் பார்த்தோம். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் முழுக்கப் பழுத்த எலுமிச்சை போல இருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ. அப்பாவின் கையிலிருந்த சாக்கு ஊசி கீழே விழுந்ததை மட்டும் நான் பார்த்தேன். பாய் பூண்டை எடை போடவே இல்லை. கடைப் பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரே டாக்ஸி பிடித்து ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமையானவர். கிருமியால் வருகிற காமாலைக்கெல்லாம் சோதனை செய்து பார்த்துவிட்டு, என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நீ எதுவும் சாப்பிடவில்லை என்றாய். மாத்திரை ஏதாவது? இல்லை என்றாய். நான்தான் கேப்சூலைச் சொன்னேன். அது மாத்திரையே இல்லை, மஞ்சள் என்று நீ என்னை முறைத்தாய். அத்தனை சோர்விலும் முறைக்கத் தெம்பு இருந்தது உனக்கு.

டாக்டரம்மா டப்பாவை வரவழைத்துப் பார்த்தார். குழம்பில் போடுவது கொஞ்சம், அதிலும் பெரும்பகுதி ஒட்டாமலே போய்விடும், அதனால் அதற்குப் பயம் வேண்டாம் என்றார். இது அப்படியில்லை, அந்தச் சத்தை மட்டும் பிழிந்தெடுத்து மிளகைச் சேர்த்து உடம்புக்குள் ஏற்றுவது, வீக்கம் குறைவதும் உண்மை, ஆனால் ஆயிரத்தில் யாரோ ஒருவருக்கு ஈரல் அதைத் தாங்காமல் போய்விடுவதும் உண்மை. அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, இதனால்தான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, ஆனால் என் சந்தேகம் இதன்மேல்தான் என்றார். "கண்ணு மஞ்சளான அன்னைக்கே நிறுத்தியிருந்தா பெரும்பாலும் தானா சரியாயிருக்கும்மா" என்று அவர் சொன்னபோது அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நீ என்ன கேட்டாய் என்று நினைவிருக்கிறதா? "அப்ப முட்டிக்கு என்ன பண்றது டாக்டரம்மா?"

அங்கே தினமும் நர்ஸ் வந்து ஈரத்துணியால் உன் முகத்தைத் துடைப்பாள். முதல் நாள் துணியில் மஞ்சள் வந்தது. மறுநாளும் கொஞ்சம் வந்தது. அதற்கப்புறம் துணி வெள்ளையாகவே இருந்தது, உன் முகம் மட்டும் அப்படியே மஞ்சளாக இருந்தது. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. பிறகு நீ என்னை யாரென்று கேட்க ஆரம்பித்தாய். ஒருநாள் அதையும் கேட்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சுமங்கலியாகப் போனவள் என்று சொல்லிக் கிண்ணம் நிறைய மஞ்சள் குழைத்து வந்தார்கள். உன் முகத்தில் பூசினார்கள். கையில், பாதத்தில், அந்த முட்டியில்கூடப் பூசினார்கள். போதும், விடுங்கள் என்று நான் கத்தினேன். துக்கத்தில் புள்ளை உளறுகிறது என்று என்னைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். உளறவில்லை அம்மா.

அதிலிருந்து இந்தப் பேச்சையே எடுக்காதே என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. ஊருக்கு நீ காமாலையில் போனவள். மாமா ஒருபடி மேலே போய், மலைத்தண்ணீரைக் குற்றம் சொல்கிறார். நான் மஞ்சளுக்கு விரோதி என்று நினைக்கிறார்கள். இன்றைய சாம்பாரில்கூட நான்தான் மஞ்சள்தூள் போட்டேன். இதை யாருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

கொஞ்ச நேரம் எழுதுவதை நிறுத்தியிருந்தேன். அப்பா எழுந்து வந்துவிட்டார்.

நொண்டுகிற காலடிச் சத்தம் கேட்டதும் தாளைக் கம்பளிக்குள் தள்ளினேன். டப்பாவை மறைக்க நேரமில்லை. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முட்டி வலி தூங்க விடவில்லை, இன்னொன்று போட்டால் கேட்கும் என்று மாமா சொன்னாராம். அலமாரியில் இல்லாததால் தேடி வந்திருக்கிறார். என் மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"தரமாட்டேன்ப்பா" என்றேன். அப்பாவிடம் அப்படி நான் பேசியதே இல்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முட்டியை நீட்டி வைத்துக்கொண்டு மெல்ல என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அடுப்பில் இருந்த கங்கைக் கிளறிவிட்டார். பிறகு கங்கைப் பார்த்தபடியே சொன்னார்:

"அத பஸ்ல இருந்து வாங்கியாந்தது நானு. இதுனாலதான்னு ஆயிட்டா, நான் எங்க போயி விழுவேன்? அதான் முழுங்கிப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அவளுக்கும் இதுனால இல்லைன்னு ஆகும்ல."

இப்படி ஒரு கணக்கு அவர் மனதுக்குள் ஓடியதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அவர் சாயங்காலம் என் முகத்தைப் பார்க்காததன் காரணம் இதுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆயிரம் பேருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், அதனால் உனக்கு ஆகவில்லை என்று ஆகிவிடுமா? நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கப் போகிறீர்கள். நீ முட்டியை எண்ணி மாத்திரை போட்டாய். அப்பா தன்னை வைத்துச் சோதனை செய்கிறார். இதை அவரிடம் சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். வாங்கி வந்தது தப்பில்லை என்றும் சொன்னேன். நல்லதென்று நினைத்துத்தானே எல்லாரும் செய்தோம். உங்களுக்கும் ஏதாவது ஆனால் இந்த வீட்டில் நான் யாரோடு இருப்பேன் என்று கேட்டேன்.

"சரி, அழாத" என்றார். "வேணாம். போடல."

கண்ணைக் காட்டுங்கப்பா என்றேன். ஒரு கேப்சூலில் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அவர் முகத்தைத் தூக்கிக் காட்டினார். கீழிமையை இழுத்து செல்போன் வெளிச்சத்தைக் காட்டினேன். ஒரு பக்கம் கங்கின் சிவப்பு, ஒரு பக்கம் இந்த வெளிச்சம். எந்த நிறம் எதனுடையது என்றே தெரியவில்லை. நம் வீட்டில் அத்தனை நாளும் இப்படித்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தெரியலப்பா. வெயில்ல பாக்கணும்."

"வெள்ளனே எந்திருச்சு வாசல்ல நிக்கிறேன், பாரு. பாத்துட்டுக் கொடைக்கானல் போவோம். முட்டியக் காட்டுவோம். வேணும்னா ரத்தமும் எடுக்கட்டும்." எழுந்து போகும்போது திரும்பி நின்று, "ஒம் மாமன்ட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாளை அவர் பார்த்தார். கேட்கவில்லை.

இப்போது மறுபடியும் நான் மட்டும்தான். பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, கோபம் குறையவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் தெரியுமா அம்மா? தலையணை உறையில் இருக்கும் அந்தக் கறையை விடு, அதை நான் துவைக்கவுமில்லை, வெயிலில் போடவுமில்லை. எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணின் வெள்ளையைத்தான் பார்க்கிறேன். பஸ் கண்டக்டர், வாத்தியார், பக்கத்துக் காட்டு அத்தை, ஒருவரையும் விடுவதில்லை. ஏண்டி முறைக்கிறாய் என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள். நிழலில் நிற்கிறவர்களை ஏதாவது சாக்குச் சொல்லி வெளிச்சத்துக்குக் கூட்டி வந்துவிடுவேன். இனி இதை விட முடியும் என்று தோன்றவில்லை.

மாமாவின் குறட்டை நின்று மறுபடி தொடங்கியிருக்கிறது. தினம் போடுகிறேன் என்று சாயங்காலம் எவ்வளவு பெருமையாகச் சொன்னார். நாளைக்கு மூட்டம் இல்லாமல் விடிய வேண்டும். அப்பாவைப் பார்த்த பிறகு, கத்தினாலும் சரி, கையைப் பிடித்து இழுத்து வந்து உன் தம்பியையும் வாசலில் நிறுத்துவேன். அவருக்கும் உன்னைப் போலவே பெரிய கண். அதை நல்ல வெயிலில் ஒருமுறை நான் பார்க்க வேண்டும்.